ஷாயிரின் ஜின்

ஓதப்பள்ளியில் அல்லாஹ்வின் ஸிபத்துகளை மனனம் செய்தவர்களுக்குக் 'கிதம்' என்ற சொல் தெரிந்திருக்கும். வுஜூது, கிதம், பகா என்று சிறு வயதில் ஒரே இராகத்தில் ஒப்புவித்திருப்போம். ஆரம்பம் இல்லாத பழைமை என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்து வரும் 'அல்-கதீம்' என்ற பெயரை ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் அட்டையில் காண்பேன் என்று நான் எண்ணியதில்லை. லண்டனில் வளரும் என் தங்கச்சியின் மகன் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டு வந்திருந்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம்.

1974இல் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பது வாய்ப்பேச்சாலேயே நடக்கும் ஆட்டம். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பூட்டை உடைக்கிறேன்" என்பார் ஒருவர். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். மூல விதிநூல்களோடு புதிய தேசங்களையும் மாந்தரையும் சேர்ப்பதற்கு விரிவு நூல்கள் வந்துகொண்டே இருக்கும். 1992இல் ஜெஃப் கிரப் எழுதி டீ.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட அல்-கதீம் அத்தகைய ஒன்று. ஆயிரத்தொரு இரவுகளின் உலகத்தை ஸக்காரா என்ற கற்பனை நிலமாக ஆக்கி, கலீபா, மம்லூக், ஜின் என்று நிரப்பியிருக்கிறார்கள். கண்ணூறுக்குக்கூட விதி எழுதியிருக்கிறார்கள். அதை மருமகன் வாசித்துக் காட்டியபோது உம்மா தலையசைத்து ஆமோதித்தார்.

"மாமா, நீங்க ஷாயிரா?" என்று அவன் என்னைக் கேட்டான். நான் கவிதை எழுதுபவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த ஷாயிர் ஒரு மந்திரவாதி. இந்த நூலில் ஷாயிர் தானாக மந்திரம் கற்பதில்லை. அவனிடம் ஒரு சிறு ஜின் உண்டு. வேண்டிய மந்திரத்தைத் தேடி எடுத்து வர அதை அனுப்புகிறான். அது வர நேரம் செல்லும். சில வேளை வெறுங்கையோடு திரும்பும். கவிதை எழுத உட்காருகிறவனின் நிலையை இவ்வளவு சரியாகச் சொன்ன விமர்சனக் கட்டுரை எதையும் நான் வாசித்ததில்லை.

இது வெறும் கற்பனையும் அல்ல. ஒவ்வொரு கவிஞனுக்கும் ஒரு ஜின் துணை உண்டு என்று ஜாஹிலிய்யாக் கால அரபிகள் நம்பினார்கள். அப்கர் என்ற பள்ளத்தாக்கு ஜின்களின் இடமாகச் சொல்லப்பட்டது. இன்றும் அரபியில் மேதையை 'அப்கரீ' என்றே அழைக்கிறார்கள். குறைஷிகள் நபிகளாரைக் கவிஞர் என்றும் ஜின் பிடித்தவர் என்றும் ஒரே மூச்சில் ஏசியதற்கும், குர்ஆன் அதை மறுத்ததற்கும் பின்னணி இதுதான். அஷ்ஷுஅரா என்று ஒரு சூறாவே இருக்கிறது. ஷாயிர் என்ற சொல்லின் இந்த நீண்ட வரலாற்றை லண்டன் பிள்ளைக்கு நான் சொல்ல முடிந்தது அந்தப் புத்தகத்தின் தயவால்.

ஆனால் அதே புத்தகத்தில் என்னால் விழுங்க முடியாதவையும் உண்டு. ஸக்காராவில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. உள்ளே தெய்வங்கள் பல! கல்விக்கு அதிபதியான தெய்வத்தின் பெயர் ஸன். அரபியில் 'ழன்னு' என்றால் ஊகம், சந்தேகம். கல்வித் தெய்வத்துக்கு ஊகம் என்று பெயர் வைத்ததை நினைத்து ஓர் ஆசிரியனாக நான் தனியே சிரித்துக்கொண்டேன். இஸ்லாத்தை விளையாட்டாக்காமல் தவிர்த்திருக்கிறார்கள் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். தொழுகை இல்லாத பள்ளியை வைத்துக்கொண்டு மினாராவை மட்டும் இரசிப்பது எனக்கு ஒட்டவில்லை. டீ.எஸ்.ஆரை 1997இல் வாங்கிய நிறுவனம், தனது பழைய வெளியீடுகளில் இனம், பண்பாடு பற்றிய தப்பெண்ணங்கள் இருக்கலாம் என்று 2020இல் ஓர் அறிவித்தலை ஒட்டியது. அறிவித்தல் ஒட்டுவது இலகு.

தூரத்து அரபுலகைக் கற்பனை செய்வது அமெரிக்கர்களின் தனியுரிமை அல்ல. நமது முதல் நாவலான அசன்பே சரித்திரத்தை 1885இல் எழுதிய கண்டிச் சட்டத்தரணி சித்தி லெவ்வை, கதையை எகிப்திலேயே தொடங்கினார். வேறுபாடு, அவர் காலத்தில் நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷா இங்கேயே வாழ்ந்தார். எகிப்து அவருக்கு வெறும் திரைச்சீலை அல்ல, பேசிப் பழகிய மனிதர்.

விளையாடிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். தாயக்கட்டையை உம்மா வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. ஹதீஸில் கண்டித்த ஆட்டம் என்றார். ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஓலைப்பெட்டியில் போட்டுக் குலுக்கினோம். அதற்கு அவர் சம்மதித்தார். மருமகன் கதைசொல்லி. அவனது தமிழ் பாதியில் நிற்கும். நின்ற இடத்தில் மற்றப் பிள்ளைகள் சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிகிற பக்கத்து வீட்டுப் பையன், கொள்ளையர் தலைவனோடு கால் மணித்தியாலம் பேரம் பேசினான். கிஸ்ஸாவும் படைப்போரும் இராகமிட்டு வாசித்த வீடுகளின் பேரர்கள் இவர்கள். வாசித்த குரல்கள் போய்விட்டன. கேட்கிற காது இன்னும் போகவில்லை என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் இரவு ஓர் இஃப்ரீத் வந்தது. விதிநூலின்படி அது தீமையின் பக்கம் சாய்ந்தது. என் மகள் விடவில்லை.

"அதெப்படி மச்சான்? சுலைமான் நபிட சபையில சிம்மாசனத்தைத் தூக்கிட்டு வாறன் எண்டு சொன்னதும் இஃப்ரீத்தானே. ஜின்லயும் நல்லவங்க இருக்காங்க."

மருமகன் பக்கங்களைப் புரட்டினான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஓலைப்பெட்டியை நீட்டினான். பதினேழு விழுந்தது. இஃப்ரீத் அவர்களுக்கு ஸலாம் சொன்னது. பதில் ஸலாம் எல்லோரும் சொன்னார்கள், திண்ணையில் இருந்த உம்மா உட்பட.