ஒசாகாவுக்கு மூன்று நாள்

ஜப்பான் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பயணத் திட்டத் தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தேதி, அன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், தொடர்பு எண், தங்கும் இடம் என்று நான்கு கட்டங்கள். நாளுக்கு ஒரு வரி. கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். கட்டம் போட்ட தாள் எனக்குப் புதிதல்ல. இருந்தும் அந்த இரண்டாவது கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்று 51 வயதில் என்னை முதன்முதலாகக் கேட்டது ஒரு விசாத் தாள்.

அதே விண்ணப்பத்தில் துணைவரின் தொழில் என்ன என்றும் ஒரு வரி உண்டு. அதை நிரப்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கூட வந்தது என் பள்ளித் தோழி. கல்யாணமாகி சிங்கப்பூர் போய், அந்த ஊர்க் குடிமகளாகவே ஆகிவிட்டவள். கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதுபோன்ற சின்னச் சுற்றுலாவுக்கு ஜப்பான் விசா எடுக்க வேண்டியதில்லை. "எனக்கு அந்தத் தாளே கிடையாதுடி. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே யோசி" என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் ஊர் சுற்றாத குடும்பமில்லை. ஊட்டி, மூணாறு, ஒருமுறை டெல்லி, ஆக்ரா எல்லாம் போயிருக்கிறோம். எல்லாப் பயணத்துக்கும் பை கட்டியது நான். புளிசாதத்திலிருந்து தலைவலித் தைலம் வரைக்கும் எந்தப் பையில் எது இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். எந்த ஊர் என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஏன் ஒசாகா, டோக்கியோ இல்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறது, அங்கிருந்து ஒசாகாவுக்கும் இருக்கிறது. அது பாதிக் காரணம். மீதி, தோழி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்ன பொம்மலாட்டம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று நாள்தான் என்றதும் கொழுந்தனார் மகன் ஒரு பட்டியல் அனுப்பினான். காலையில் கியோட்டோ, மதியம் நாரா, மறுநாள் புல்லட் ரயிலில் ஹிரோஷிமா, வரும் வழியில் கோபே. அதைப் பார்த்தபோதே கால் வலித்தது. போனேன், பார்த்தேன், படம் எடுத்தேன் என்று வருவதற்கு அத்தனை ஊர் எதற்கு? ஒரே ஊர், மூன்று நாள் என்று முடிவு செய்தோம். கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவில் 1994-இல் திறந்த கான்சாய் விமான நிலையத்தில் இறங்கினால் நம்பா என்ற பகுதிக்கு விரைவு ரயிலில் சுமார் 40 நிமிடம். தங்குவது அங்கேயே. முதல் நாள் கோட்டை. இப்போது நிற்கும் கோபுரம் 1931-இல் ஊர் மக்கள் பணம் போட்டுக் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது, உள்ளே லிஃப்ட் உண்டு, முழங்கால் வலிக்காரிகளுக்கு வசதி. 1615 முற்றுகையில் மகனோடு அங்கே உயிரை விட்டவள் யோதோ-தோனோ. கோட்டை விழுந்ததே அவள் பிடிவாதத்தால்தான் என்று கதை கட்டியவர்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் தென்ஜின்பாஷிசுஜி, இரண்டரைக் கிலோமீட்டருக்குமேல் நீளும் கூரை போட்ட கடைத்தெரு. சாயங்காலம் தோத்தோன்போரி கால்வாய் ஓரம் தாக்கோயாகி. குழிப்பணியாரக் கல் போன்ற கல்லில் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடுவது. நான் மீன் சாப்பிடுகிறவள், பிரச்சினையில்லை. சைவக்காரர்கள் நூடுல்ஸ் சாற்றில்கூட மீன் இருக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மூன்றாம் நாள் பொம்மலாட்டம்.

விசாத் தாள் அரைப் பக்கத்தில் முடிந்தது.

அடுத்து இன்னொரு தாள் எழுத வேண்டியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் நான் வாசல் தாண்ட முடியாது. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, பக்கவாதம் வந்து நான்கு வருடமாகிறது. காலை ஆறு மணிக்குச் சர்க்கரை பார்த்து இன்சுலின். எட்டு மணிக்கு எந்த மாத்திரை, இரவில் எந்த மாத்திரை. புண் வராமலிருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர் வரும் நாள், தொட்டி நிரம்பினால் மோட்டாரை யார் நிறுத்துவது, கேஸ் தீர்ந்தால் எந்த நம்பர், மாவு எப்போது அரைக்க வேண்டும், மகனுக்கு எந்தப் பருப்பு ஆகாது. தேதி, வேளை, என்ன, யார் என்று நான்கு கட்டம் போட்டேன். ஆறு நாளைக்கு நான்கு பக்கம் வந்தது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் தினம் நடக்குதாம்மா?" என்றான்.

அவர் தடுக்கவில்லை. நல்ல மனிதர்தான். "ரெண்டு பொம்பளைங்க தனியாவா?" என்று மட்டும் கேட்டார். நாத்தனார் அவருக்குப் பதில் சொன்னார்: "ஜப்பான் ரொம்ப சேஃப்ண்ணா. லேடீஸுக்குத் தனிப் பெட்டியே இருக்கு."

உண்மைதான். நம்பாவையும் உமேதாவையும் இணைக்கும் மிதோசுஜி வழித்தடத்தில் வார நாட்களில் நாள் முழுவதும் பெண்களுக்கென ஒரு பெட்டி. எந்தப் பெட்டி என்று தேடப் போய்த்தான் அதற்கு முன்னால் நடந்ததைப் படித்தேன். 1988 நவம்பரில் அதே வழித்தடத்தில், ரயிலில் பெண்ணைச் சீண்டிய இரண்டு ஆண்களை ஓர் இளம்பெண் தட்டிக் கேட்டாள். அவர்கள் அவளை விடாமல் தொடர்ந்து போய் இழுத்துச் சென்று வன்புணர்ந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் உதவிக்கு வரவில்லை. செய்தி வெளிவந்ததும் ஒசாகாப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ரயில் நிறுவனங்களின் கதவைத் தட்டி, சீண்டல் ஒரு குற்றம் என்று நிலையங்களில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். அந்த வழித்தடத்தில் பெண்கள் பெட்டி வந்தது 2002-இல். பதினான்கு வருடம். நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். "ஊருக்குப் போற நேரத்துல இதையெல்லாம் ஏன் அண்ணி படிக்கிறீங்க?" என்றார்.

நான்கு பக்கத் தாளில் 'யார்' என்ற கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அவர் பெயர் ஐந்து இடத்தில், மகன் பெயர் நான்கு இடத்தில். மீதியெல்லாம் அத்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணின் பெயர். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகிறவர். ஆறு இரவும் தங்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சரிங்க்கா" என்றார். ராத்திரிக்கு 600 ரூபாய் என்று நான் சொன்னதை அவர் கேட்டுவிட்டு, "சாப்பாடும் நாமதானே போடறோம், நானூறு போதாதா?" என்றார். என் சம்பளம் என்று சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தாவது படிக்கும் மகள் இருப்பது எனக்குத் தெரியும். ஆறு இரவும் அந்தப் பிள்ளை எங்கே படுக்கும் என்று நான் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அவராகச் சொன்னார், பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டிருப்பதாக. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினேன்.

ஒசாகாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திட்டத்தில் பாதி நடந்தது. கோட்டைக்குப் போனோம், கடைத்தெருவில் முக்கால்வாசி நடந்துவிட்டு ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தவர்கள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. உமேதா நிலத்தடி வழிகளில் இரண்டு முறை தொலைந்தோம். யாருக்கும் பசிக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பொம்மலாட்டத்துக்கு மட்டும் நேரத்துக்குப் போய்விட்டோம். 1984-இல் திறந்த தேசிய புன்ராக்கு அரங்கம், நாங்கள் தங்கிய இடத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஒரு பொம்மைக்கு மூன்று ஆட்கள். ஒருவர் தலையும் வலது கையும், ஒருவர் இடது கை, ஒருவர் கால். ஆட்டுகிறவர், பாடுகிறவர், மூன்று நரம்பு ஷாமிசென் வாசிப்பவர் எல்லாரும் ஆண்கள். பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் கால் கிடையாது. கிமோனோவின் கீழ் விளிம்பை உள்ளிருந்து பிடித்து அசைத்தே நடப்பதுபோலக் காட்டுகிறார்கள். தோழி படித்துவிட்டு வந்து சொன்னது இதைத்தான். ஒசாகாவில் 1703-இல் முதலில் ஆடிய 'சோனேசாக்கி ஷின்ஜூ' நாடகத்தின் ஒஹாட்சு இதற்கு விலக்கு. காதலன் திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். சாகத் துணிந்துவிட்டாயா என்று அவனிடம் அவள் காலால்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காக அவளுக்குக் கால் வைக்கிறார்கள். நாங்கள் பார்த்தது வேறு நாடகம். அதில் நாயகிக்குக் கால் இல்லை. இரண்டு மணி நேரமும் என் கண் அவள் உடை விளிம்பிலேயே இருந்தது. அத்தனை அழகாக நடந்தாள்.

திரும்பி வந்த மறுநாள் காலை, அத்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அந்தப் பெண் கேட்டார்: "அங்க என்னக்கா பார்த்தீங்க?" கோட்டையைச் சொல்லாமல் பொம்மையைச் சொன்னேன். "காலே இல்லீன்னா எப்படிங்க்கா நடக்கும்?" நைட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டினேன். அத்தைகூட ஒரு பக்க வாயால் சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு, கிண்ணத்தைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகோணும்னு அஞ்சு வருசமா நெனப்புங்க்கா. புள்ளையையும் கூட்டிட்டு. நாலு நாள் லீவு வேணும்."

ஃபிரிட்ஜ் கதவில் நான்கு பக்கமும் ஒட்டியபடியே இருந்தன. ஒரு தாளைக் கழற்றி, பின்பக்கம் கட்டம் போட்டேன். தேதி, வேளை, என்ன, யார். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், மகன் குளித்துவிட்டு வந்தான். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, முதல் ராத்திரி யார் முழித்திருப்பது என்று கேட்டேன்.