செடெனாக்கில் ஒரு தோடு

மாச்சாப் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தித் தேத்தாரே குடிக்காமல் நான் தெற்கே போனதே இல்லை. அதன்பிறகு சிம்பாங் ரெங்கம். அதையும் தாண்டினால், கூலாய்க்கு முந்திய டோல்தான் செடெனாக். சின்ன வயதில் இங்கே இறங்கினால் செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அப்பா திட்டிக்கொண்டே ஓட்டுவார்.

போன மாதம் போனபோதும் லாரிக்குப் பின்னால்தான் ஊர்ந்தேன். இந்தமுறை லாரியில் இருந்தது வீட்டளவு பெரிய ஒரு மின்மாற்றி.

ஜொகூர் கார்ப்பரேஷன் இங்கே 700 ஏக்கருக்கு மேல் வளைத்துத் தொழில்நுட்பப் பூங்கா கட்டியிருக்கிறது. பூங்கா என்றால் மரமும் பூவும் இல்லை, தரவு மையங்கள். 2019இல் சிங்கப்பூர் தன் மண்ணில் புதிய தரவு மையங்களைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. அந்தக் கூட்டம் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும் செடெனாக் பெயர் இருக்கிறது. கட்டடங்களுக்குச் சன்னல் கிடையாது. உள்ளே வேலை செய்யும் கணினிகள் சூடாகிக்கொண்டே இருக்க, குளிர்விக்கும் இயந்திரங்கள் ஓயாமல் இரைகின்றன. நம் புகைப்படங்கள், காணொளிகள், நான் வானொலியில் பேசிப் பதிவேற்றும் நிகழ்ச்சிகள் எல்லாம் 'மேகத்தில்' இருப்பதாகச் சொல்கிறோமே, அந்த மேகம் இதுபோன்ற சிமெண்டுப் பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பாட்டியின் தோடு ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

பாட்டி இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். ஒட்டுப்பால் சேர்த்துக் கொடுத்து வந்த காசைச் சிறுகச் சிறுகச் சேமித்து, ஒரு கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக்கல் தோடு வாங்கினார். அவருடைய வாழ்க்கையில் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே தங்கம் அது. அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துச் சிற்றாலயத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர், மனுஷருடைய வீண் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பேச்சு மெதுவாக நகைக்கு வந்தது. நகையிலிருந்து தோட்டுக்கு வந்தது. பெயர் சொல்லவில்லை; ஆனால் எல்லாருடைய கண்ணும் பாட்டியின் காதைத்தான் பார்த்தது. பாட்டி அந்தத் தோட்டைப் பிறகு போடவே இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து, மில்க்மெய்ட் டின்னில் வைத்திருந்தார்.

அந்தப் போதகர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலைந்து, நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் என்று பாட்டியே சொல்வார். அவர் அன்று எடுத்துக்கொண்ட புத்தகம் பிரசங்கி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'மாயை' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும் புத்தகம். 1995இல் வந்த திருவிவிலியம் இதைச் 'சபை உரையாளர்' என்றும், அந்தச் சொல்லை 'வீண்' என்றும் மாற்றியது. எனக்கு மாயைதான் பிடிக்கும். பக்கத்து மாரியம்மன் கோவிலில் சைவர்கள் ஆணவம், கன்மம் என்று சொல்லி மூன்றாவதாகச் சொல்வதும் அதே சொல்தானே. எபிரேய மூலத்தில் இருப்பது 'ஹெவெல்'. மூச்சு, ஆவி என்று அதற்குப் பொருள். குளிர்ந்த காலையில் வாயிலிருந்து வந்து, பார்ப்பதற்குள் கலைந்துபோகும் ஆவி. காயீன் கொன்ற தம்பி ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான்.

வளர்ந்தபின் அந்தப் புத்தகத்தை நானே உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் அதிகாரத்தில் தூக்கிவாரிப் போட்டது. பேசுகிறவர் யார் தெரியுமா? வீடுகள் கட்டியவர். திராட்சைத் தோட்டம் போட்டவர். மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சக் குளம் வெட்டியவர். வேலைக்காரர்களையும் வெள்ளியையும் பொன்னையும் சேர்த்து, பாட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டவர். நம் பாஷையில் சொன்னால் பெரிய துரை! எல்லாம் அனுபவித்து முடித்துவிட்டு, எல்லாம் ஆவி என்கிறார். துரை சொல்ல வேண்டிய வாக்குமூலத்தை, லயத்தில் இருந்தவர்களுக்கு உபதேசமாக வாசித்திருக்கிறார்கள்.

நம் பட்டினத்தாரும் அப்படித்தான். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர். காதறுந்த ஊசி அவருக்குப் பாடம் சொன்னது சரி, அவரிடம் துறக்கக் கப்பல் கப்பலாகச் சரக்கு இருந்தது. ஊசியை மட்டுமே வைத்திருந்தவளிடம் அந்தக் கதையைச் சொன்னால் என்ன செய்வாள்?

வேதத்தில் பெருமைக்காக அடி வாங்குகிறவர்களைப் பாருங்கள். பாபேலில் பேர் எடுக்கக் கோபுரம் எழுப்பியவர்கள். அரண்மனை மேல் உலாவி, இந்த நகரத்தை நானே கட்டினேன் என்று மார்தட்டிய நேபுகாத்நேச்சார். அவன் மாட்டைப்போல் புல் தின்றான். தன்னைத் தெய்வம் என்று ஜனங்கள் ஆர்ப்பரித்ததை ரசித்த ஏரோது. காலம் முழுக்க ஒட்டுப்பால் பொறுக்கித் தோடு வாங்கியவள் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. நகையைக் கண்டிக்கிற வசனங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஏசாயாவின் நீண்ட நகைப் பட்டியல்கூட எருசலேமின் மேட்டுக்குடிப் பெண்களைப் பார்த்துச் சொன்னது.

ராஜாக்களின் பெருமை கலைவதைப் பார்க்க இந்த ஊர்க்காரர்கள் வேதம் வரை போக வேண்டியதில்லை. 1909இல் முடிந்த ஜொகூர் ரயில்பாதை ரெங்கம், லாயாங் லாயாங் வழியாகக் கூலாய்க்குப் போகிறது. 1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படை இந்தப் பாதையை ஒட்டித்தான் பின்வாங்கியது. 9ஆவது இந்தியப் படைப்பிரிவின் தளபதி பார்ஸ்டோ லாயாங் லாயாங் அருகே கொல்லப்பட்டார். அடுத்த மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 15இல், அசைக்க முடியாத கோட்டை என்ற சிங்கப்பூரும் விழுந்தது. சரணடைந்த ஜெனரலின் பெயர் பெர்சிவல். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தமிழ் வேதாகமத்தைத் திருத்தியவர் பெயரும் பெர்சிவல்தான். அவர் வேறு ஆள், நூறு ஆண்டு முந்தியவர்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் ஒரு பணக்கார விவசாயி வருவான். விளைச்சல் அமோகம். இருக்கும் களஞ்சியத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவேன் என்று திட்டம் போடுவான். அன்று ராத்திரியே அவன் உயிர் போய்விடும். செடெனாக்கின் சன்னலில்லாப் பெட்டிகளைப் பார்த்தால் அவன் நினைவு வராமல் இருக்காது. அவற்றைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. நிகழ்ச்சி முடிந்த கையோடு எத்தனை பேர் கேட்டார்கள் என்று கைப்பேசியைத் தடவுகிறவள் நான். காற்றில் போய்க் கலைய வேண்டிய குரலைக் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். கட்டடங்களுக்கு அருகே தமிழ்ப் பையன்கள் கம்பி வளைக்கிறார்கள், காவல் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் மாயை இல்லை.

வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கப் போனேன். காவலர் ஓடி வந்தார். "அக்கா, போட்டோ எடுக்கக் கூடாது" என்றார். சரி தம்பி என்று கைப்பேசியைப் பையில் வைத்தேன்.

பாட்டி இருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. சிற்றாலயம் நின்ற மேட்டை மட்டும் அடையாளம் தெரிந்தது. பழைய சாலையோரம் ஓர் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தேன். தோசை கொண்டு வந்த அம்மா என் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய மாடலா இருக்கே. எந்தக் கடையில வாங்குன?"

"எங்க பாட்டியோடதும்மா. இங்கதான் பக்கத்துத் தோட்டம்."

"கழட்டிக் காட்டேன், பாப்போம்."

கழற்றிக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் காதில் வைத்து, பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் ஒரு பக்கம், மறுபக்கம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோசை ஆறிப்போயிற்று.