காய்ந்த பழத்தில் கல்யாண ஜோடி

பொம்மையின் விலையைக் கேட்டதும், 'காய்ந்த பழத்துக்கா இவ்வளவு?' என்றுதான் நினைத்தேன். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரின் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கம், கிறிஸ்துமஸ் சந்தை. டிசம்பர் மாதம், சாயங்காலம் ஐந்து மணிக்குள் நன்றாக இருட்டிவிட்டது. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணிக்கூரைகளின் கீழ் ஏறக்குறைய 180 மரக்கடைகள். பட்டையும் கிராம்பும் போட்டுச் சுடவைத்த ஒயின் வாசனை ஒரு பக்கம், விரல் நீளத் தொத்திறைச்சி சுடும் புகை மறுபக்கம். நான் நின்ற கடையில் மட்டும் தின்ன எதுவும் இல்லை. ஆனால் பொம்மை எல்லாம் தின்னும் பண்டத்தில் செய்தவை.

'ட்ஸ்வெட்ச்கென்மென்லே' என்று பெயர். பிளம்ஸ் பழத்துச் சின்ன மனிதர் என்று அர்த்தம். கை, கால் உலர்ந்த பிளம்ஸ், தலை வால்நட். மாப்பிள்ளையும் பெண்ணும், புகைபோக்கி துடைப்பவர், வாத்தியக்காரர் என்று ஓர் ஊர் ஜனமே பலகையில் நின்றது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "பத்து மணிக்குச் சந்தை திறந்துவிடும். அதற்கு முன்னால் வீட்டுக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் காலை போனேன். பட்டறை என்பது அவர் வீட்டின் பின்னறைதான். இரண்டு மேசைகள். ஒன்றில் பழமும் கம்பியும், மற்றதில் துணியும் ஊசியும். ஏன் தனித்தனி என்று கேட்டபோது தன் விரல்களைக் காட்டினார். பழச்சாறு ஒட்டிப் பிசுபிசுத்தது. அதே கையால் மணப்பெண்ணின் வெள்ளை உடையைத் தொட முடியுமா? துணி மேசையில் அவருடைய மகள்.

பழத்தை அமுக்கிப் பார்த்தே பிரிக்கிறார். ரொம்பக் காய்ந்தது கம்பி ஏறும்போது பிளந்துவிடும். ஈரம் மிச்சமிருந்தால் உடுப்பில் கறை இறங்கும். தொடைக்குப் பெரியது, கைக்குச் சிறியது. எல்லாம் கோத்த பிறகுதான் முழங்காலை மடக்குகிறார். பிளந்த பழம் ஒதுக்குத் தட்டுக்குப் போகிறது. வால்நட்டில் முகம் எழுதுவது கடைசி வேலை. ஓட்டின் சுருக்கமே கிழவனாக்கிவிடுவதால், இளம்பெண் முகம்தான் கஷ்டமாம்.

கம்பி இழுப்பது இந்த ஊரின் பழைய தொழில். நோயில் படுத்த கம்பி இழுப்புத் தொழிலாளி ஒருவர் பொழுதுபோகாமல் செய்ததுதான் முதல் பொம்மை என்று இங்கே ஒரு கதை உண்டு. கதையை நம்புவது அவரவர் இஷ்டம். சந்தையின் பழமைக்கோ சான்று இருக்கிறது: 1628ஆம் ஆண்டைக் குறித்த ஒரு மரப்பெட்டி ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1945 ஜனவரி 2ஆம் தேதி குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமானது. 1948இல் இடிபாடுகளுக்கு நடுவே சந்தையை மறுபடி கூட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் தன் அம்மா இந்த வேலையைக் கற்றுக்கொண்டார் என்றார் கடைக்கார அம்மா. பழம் கிடைத்தால் பிள்ளைகள் தின்றுவிடுவார்களாம். பொம்மைக்கு மிஞ்சுவது அபூர்வமாம்.

சந்தை நடப்பது நாலு வாரம், டிசம்பர் 24 வரை. அதற்காகப் பொம்மை கோக்கும் வேலை கோடையிலேயே ஆரம்பிக்கிறது. பிறகு காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை குளிரில் நிற்க வேண்டும். காலுக்கடியில் மரப்பலகை, இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. "வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தின்னலாமா என்றுதான் கேட்கிறார்கள்" என்று சிரித்தார். தின்னக் கூடாது. ஈரம் படாமல் வைத்தால் பல வருஷம் இருக்கும்.

நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு மாப்பிள்ளைதான் உருவானார். அவருக்கும் தொப்பி பாக்கி. அன்று சாயங்காலம் சதுக்கத்துக்குப் போய், முதல் நாள் சொன்ன விலைக்கே ஒரு ஜோடி வாங்கினேன். அதில் பழத்தின் விலை சில்லறைக் காசு. மற்றதெல்லாம் அம்மா, மகள் இருவரின் நேரம். நீங்கள் அங்கே போனால் பேரம் பேசாதீர்கள்.