பிறந்த வீட்டுப் பெயர்

மார்கரெட் கசின்ஸ் என்ற பெயரை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அயர்லாந்துக்காரர், அவ்வளவுதான். அயர்லாந்தில் அவர் யார் வீட்டுப் பெண் என்று ஒரு மாணவி கேட்டாள். அங்கே குடும்ப வேர் தேடுவதற்கான ஆவணங்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நாமே பார்த்துவிடலாம் என்றேன்.

அவள் 'கசின்ஸ்' என்று தட்டினாள். அந்தப் பெயரில் அவர் பிறக்கவே இல்லை. 1878இல் ராஸ்காமன் மாவட்டத்தின் பாயில் என்ற ஊரில் பிறந்தவர் மார்கரெட் கில்லெஸ்பி. 1903இல் ஜேம்ஸ் கசின்ஸைக் கல்யாணம் செய்தபோதுதான் கசின்ஸ் ஆனார். ஆணைத் தேடுகிறவர் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தொட்டிலிலிருந்து கல்லறை வரை போய்விடலாம். பெண்ணைத் தேட, அவள் எந்த ஆண்டு எந்தப் பெயரில் இருந்தாள் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

அயர்லாந்தில் எல்லா மதத்தவருக்குமாகப் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதியத் தொடங்கியது 1864இல். கத்தோலிக்கர் அல்லாதவரின் திருமணங்களுக்கு மட்டும் 1845 முதலே பதிவு உண்டு. பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கடந்திருந்தால் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையே 'ஐரிஷ் ஜீனியாலஜி' என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். பிறப்புப் பதிவில் தாயின் பெயரும், அதோடு அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். திருமணப் பதிவில் அப்படியில்லை. மணமகனின் தந்தை, மணமகளின் தந்தை, இருவரும் செய்த தொழில், இவ்வளவுதான். பெற்றவர்கள் இருவரும் அந்தக் கல்யாணத்துக்கு வரவே இல்லை போலிருக்கிறது! இறப்புப் பதிவில் பெண்ணின் தொழில் கட்டத்தைப் பாருங்கள்: 'விவசாயியின் மனைவி', 'கூலியாளின் விதவை'. உருளைக்கிழங்கு தோண்டியதும் பால் கறந்ததும் யாரோ.

அதனால் திருமணத்தில் தொடங்காதீர்கள் என்பேன். தொடங்கினால் அப்பன், அப்பனின் அப்பன் என்று ஆண் ஏணியிலேயே ஏறிக்கொண்டிருப்பீர்கள். ஒரு குழந்தையின் பிறப்பைப் பிடியுங்கள். அதில் கிடைக்கும் தாய்வீட்டுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு அதே வட்டாரத்தில் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் துழாவினால் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பக்கத்தின் ஓரத்தில் பிறப்பைச் சொல்ல வந்தவரின் கையொப்பம் இருக்கும். பல பதிவுகளில் தாயே வந்திருக்கிறாள். எழுதத் தெரியாதவளுக்காகப் பதிவாளர் பெயரை எழுதி, நடுவே ஒரு பெருக்கல் குறியிட்டு, 'அவள் இட்ட குறி' என்று எழுதிவைத்திருக்கிறார். நம் ஊர்க் கைநாட்டுக்கு அக்கா முறை.

1864க்கு முன் போக வேண்டுமானால் மதம் தெரிய வேண்டும், ஊர் தெரிய வேண்டும். ஊர் என்றால் நகரமோ மாவட்டமோ இல்லை, 'டவுன்லேண்ட்' எனப்படும் சிறு நிலப்பிரிவு. அப்படி 60,000க்கும் மேல் இருக்கின்றன. கத்தோலிக்க ஞானஸ்நான ஏடுகளைத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றியது. பெரும்பாலும் 1880 வரை. அவற்றிலும் தாயின் குடும்பப் பெயரை எழுதுவதுதான் வழக்கம். மார்கரெட்டின் குடும்பம் புராட்டஸ்டண்ட் என்பதால் எங்களுக்கு அவை உதவவில்லை. 1847க்கும் 1864க்கும் இடையில் நிலவரிக்காக எடுக்கப்பட்ட கிரிஃபித் மதிப்பீட்டிலும் பெண்களைப் பார்க்கலாம், பெரும்பாலும் கணவன் இறந்த பிறகு.

தமிழ் படித்தவள் என்பதால் ஐரிஷ் மொழிப் பெயர்களிடம் சற்று நேரம் நின்றுவிட்டேன். 'ஓ' என்றால் பேரன். ஓ ப்ரிய்ன் என்றால் ப்ரியனின் வழிவந்தவன். அவன் மகளுக்கு 'ஓ' கிடையாது, 'நீ' என்று வரும்: ப்ரியனின் பேரனுக்கு மகள். அவன் மனைவிக்கு 'ஈ': ப்ரியனின் பேரனுக்குப் பெண்டாட்டி. ஒரே குடும்பப் பெயர், மூன்று முன்னொட்டு. ஒருத்தி மகளா மருமகளா என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அவள் யார் என்பதைத்தான் சொல்லவில்லை.

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் முழுமையாக இருக்கின்றன. அதற்கு முந்தையவை ஏறக்குறைய எதுவும் இல்லை. 1821 முதல் 1851 வரையிலான நான்கும் 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் களஞ்சியத்தோடு பெரும்பாலும் எரிந்தன. 1861, 1871 படிவங்களை அரசே அழித்தது. 1881, 1891 முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. ஆனால் 1909இல் முதியோர் உதவித்தொகை வந்தபோது, 70 வயதை நிரூபிக்கப் பழைய கணக்கெடுப்பில் தங்களைத் தேடச் சொல்லி ஏழைக் கிழவிகள் விண்ணப்பம் போட்டார்கள். தன் பெயர், தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், குழந்தையாக இருந்த டவுன்லேண்ட். கணக்கெடுப்பு எரிந்துவிட்டது, கிழவிகளின் விண்ணப்பங்கள் தப்பிவிட்டன. அவையும் அதே தளத்தில்.

1911 படிவத்தில் புதிதாகச் சில கட்டங்கள். மணமான பெண்கள் மட்டும் சொல்ல வேண்டியவை: கல்யாணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட்டு என் மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. கைம்பெண்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. ஆனாலும் பலருடைய கட்டத்தில் எண்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் அடித்த கோடும் இருக்கிறது. கேட்காத கணக்கு அரசுக்கு வேண்டாம். கோட்டுக்குக் கீழே எண்ணை இன்னும் படிக்க முடிகிறது.

அதே 1911 கணக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொன்னது ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகம். அதை 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து தொடங்கியவர் நம் மார்கரெட். வாக்கு தராத அரசுக்கு எங்களைப் பற்றிய விவரம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கணக்கெடுத்தவர்கள் போலீஸ்காரர்கள். அந்த ஆண்டில் ஒருத்தியைக் காணோம் என்றால் அவள் வேண்டுமென்றே வீட்டில் இல்லாமல் போயிருக்கலாம். குடும்ப மரத்தில் அப்படியொரு வெற்றிடம் வந்தால் நான் அதை வெற்றிடமாகவே விட்டுவைப்பேன். அப்படி மறுத்தவர்களை வேறு ஏடுகள் விடவில்லை. 1913இல் டப்ளின் கோட்டையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக மார்கரெட் டல்லமோர் சிறைக்குப் போனார். 1932இல் இங்கே வேலூர்ச் சிறைக்கும். அயர்லாந்தின் பழைய சிறைப் பதிவேடுகளும் இணையத்தில் உண்டு, அவற்றுக்குக் காசு கட்ட வேண்டும். உயரம், தலைமுடியின் நிறம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் அவற்றில் இருக்கும்.

தானே விலகி நின்றவளின் வெற்றிடம் வேறு, துடைத்து எடுக்கப்பட்டவளின் வெற்றிடம் வேறு. அதே கணக்கெடுப்புகளில் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களுக்குப் பெயரே இல்லை, முதலெழுத்துகள்தாம். அங்கே தன் பாட்டியின் அக்காவை யார் கண்டுபிடிப்பது? மணமாகாமல் கருவுற்ற பெண்களை அடைத்துவைத்த தாய்-சேய் இல்லங்களின் கதை இன்னும் நீளம். 2021இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, தான் ஆராய்ந்த இல்லங்களில் மட்டும் ஏறக்குறைய 56,000 பெண்கள் இருந்ததாகவும் 9,000 குழந்தைகள் இறந்ததாகவும் சொல்கிறது. அங்கிருந்து தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் பிறப்புச் சான்றிதழைப் பெறும் முழு உரிமை 2022இல்தான் சட்டமானது. அதுவரை தாயின் பெயரைக் கேட்டு அவர்கள் அலுவலகம் அலுவலகமாக நின்றார்கள்.

கால்வே மாவட்டத்தின் டுவாம் ஊரில் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், அங்கிருந்த இல்லத்தில் இறந்த குழந்தைகளின் இறப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். குடும்ப மரம் தேடுகிற எவரும் பார்க்கும் அதே பதிவேடுதான். 796 பெயர்கள் வந்தன, 1925 முதல் 1961 வரை. இறந்த தேதி, வயது, காரணம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. புதைத்ததற்கான பதிவு மட்டும் இல்லை. 2025இல் அங்கே அகழ்வு தொடங்கியது. யாருடைய எலும்பு எது என்று அறிய உறவினர்களிடம் மரபணு மாதிரி கேட்டிருக்கிறார்கள். வயதான தம்பிகளும் தங்கைகளும் வந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.