குற்றாலத்தில் தாத்தாவைக் காணோம்... ஷட்டர் ஸ்பீடு செய்த வேலை!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சாரல் எப்படி?” நல்ல பதில் வந்ததும் தாத்தாவை அழைத்துக்கொண்டு குற்றாலம் கிளம்பிவிட்டேன்.

பேரருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் ‘பொங்குமாங்கடல்’ என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி எழுந்து, பிறகுதான் கீழே வருகிறது. உடம்பெல்லாம் எண்ணெய்யோடு தாத்தா அருவிக்குள் போக, நான் எதிர்ச் சுவரில் போனைச் சாய்த்து வைத்தேன்.

கேமராவில் ‘புரோ மோடு’. ஷட்டர் ஸ்பீடு அரை விநாடி. கை பட்டால் படம் ஆடிவிடும் என்பதால் 3 விநாடி டைமர். அருவி வெள்ளைப் பட்டுபோல வழிந்தது. ஸ்டேட்டஸுக்கு ரெடி!

தாத்தா பார்த்துவிட்டு, “ஏல, இதுல நான் எங்கல?” என்றார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலங்கல்.

திரும்பவும் அனுப்பினேன். இந்த முறை 1/1000 விநாடி. மூடிய கண், திறந்த வாய், தலையில் பட்டுச் சிதறும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக!

காரணம் எளிது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, கீழே வரும்போது விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/1000 விநாடியில் அது நகர்வது 1 சென்டிமீட்டர்தான். அதனால் துளி துளியாகவே தெரியும். 1/10 விநாடியில் 1 மீட்டர் நகர்ந்துவிடும்; அதனால் கோடாகிவிடும். தலையைச் சிலுப்பும் தாத்தாவும் அப்படித்தான் கரைந்துபோனார்.

நீங்களும் எடுக்கப்போகிறீர்களா? பட்டு அருவி வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ.வை மிகவும் குறைத்து, காலையிலோ மாலையிலோ எடுங்கள். உச்சி வெயிலில் படம் வெளுத்துவிடும். ஆட்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் 1/500க்கு மேல் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் புள்ளி புள்ளியாக வரும். லென்ஸில் சாரல் படும், அடிக்கடி துடையுங்கள். குளிக்கும் மற்றவர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பட்டுப் படத்தைப் பார்த்து, ‘தண்ணி சாதுவா இருக்கே’ என்று நம்பிவிடாதீர்கள். மலையில் மழை பெய்தால் இங்கே சட்டென்று வெள்ளம் வரும். குளிக்கத் தடை என்றால் தடைதான்.

“எதை பிரேம் போடலாம், தாத்தா?”

இரண்டாவது படத்தைத் தொட்டார். “இதுலதாம்ல அடி விழுறது தெரியுது!”