கடவுளைப் பத்தி 42 ஸ்லைடு

போன மாசம் ஒரு சனிக்கிழமை, விழுப்புரத்துல கிராமத்து சபைத் தலைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. தலைப்பு 'கடவுளை அறிதல்'. எங்க பெரியப்பா திண்டிவனம் பக்கத்துல எங்க ஊர் சபைக்கு உபதேசியார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானடா, வந்து அந்தப் படம் காட்டுற மெஷினைப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டார். லீவுக்கு சென்னையிலிருந்து வந்தவன் வசமா மாட்டினேன்.

பாடம் எடுத்தது ஒரு போதகர். ஸ்லைடு மட்டும் அடியேனோட கைங்கர்யம். மொத்தம் 42. பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி இல்லையா? சர்வ வல்லவர், சர்வ ஞானி, எங்கும் நிறைந்தவர்னு ஒவ்வொண்ணும் பறந்து வந்து உக்காந்துச்சு. முடிவுல 20 மார்க்குக்கு ஒரு டெஸ்ட் வேற. எட்டாவதோட படிப்பை விட்ட பெரியப்பா வாங்கினது 7.

திரும்பி வர்ற பஸ்ல, "மார்க்கை விடுங்க பெரியப்பா"ன்னேன்.

"மார்க் கெடக்குது. நம்ம தெருவுல அந்தப் பையன் வண்டியில அடிபட்டுச் செத்தானே, அவங்கம்மா 'சாமி அப்ப எங்க போயிருந்துச்சு'ன்னு கேக்குதுடா. அதுக்கு உன்னோட எந்தப் படத்தைக் காட்டுறது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? பத்து நாளா தெனம் போயி பக்கத்துல உக்காந்துட்டு வரேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். காரணத்தைக் கடைசியில சொல்றேன்.

திண்டிவனம் வந்ததும் ஐடா ஸ்கடர் ஞாபகம் வந்துச்சு. வேலூர் சி.எம்.சி.ன்னா எல்லாருக்கும் தெரியும். அதுக்கு விதை விழுந்தது திண்டிவனத்துலங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. ஐடாவோட தாத்தா 1819-லயே அமெரிக்காவிலிருந்து கப்பலேறின மிஷனரி டாக்டர். அப்பாவும் மிஷனரி டாக்டர். இந்தப் பொண்ணு படிச்சதும் அமெரிக்காவுல கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துலதான். ஆக, கடவுளைப் பத்தின பாடத்துக்குக் குறையே இல்ல. ஆனாலும் 'மிஷனரியா மட்டும் ஆகவே மாட்டேன்'னுதான் இருந்தாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு 1890-ல திண்டிவனம் வந்தாங்க.

இங்க இருந்தப்ப, ஒரே ராத்திரியில மூணு பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தரும் இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவத்துல சிக்கல். அப்பா வர்றேங்கறார். ஆம்பள டாக்டர் வேண்டாம், நீ வாம்மாங்கறாங்க. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிஞ்சதும் சேதி வந்துச்சு, மூணு பொண்ணுங்களும் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அமெரிக்கா போயி டாக்டருக்குப் படிச்சு, 1899-ல பட்டம் வாங்கி, 1900-ல வேலூர்ல வைத்தியம் ஆரம்பிச்சாங்க. 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினாங்க.

அத்தனை வருஷப் பாடம் செய்யாததை அந்த ஒரு ராத்திரி செஞ்சிருக்கு.

அப்போ படிப்பே வேண்டாமான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. வைத்தியம் படிக்காமலா ஐடா திரும்பி வந்தாங்க? மதுரையில 1969-ல தொடங்கின தமிழ்நாடு இறையியல் கல்லூரியில, போதகராகப் போற மாணவர்களை வளாகத்துக்கு வெளிய ஏழை ஜனங்களோட தங்க வச்சும் படிக்க வச்சிருக்காங்க. அந்த வீட்டு வாசலும் ஒரு வகுப்பறைதான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பைபிள்ல எரேமியா 22-ஆம் அதிகாரத்துல யோசியா ராஜாவைப் பத்தி வருது. எளியவங்களுக்கு அவர் நியாயம் செஞ்சாரே, அதுதான் கடவுளை அறியறதுங்கற அர்த்தத்துல. இந்த வசனம் என்னோட 42 ஸ்லைடுல ஒண்ணுல கூட இல்ல!

இப்ப அந்தக் காரணம். செத்துப்போன பையன் என்கூட கிரிக்கெட் ஆடினவன். சாவுக்கு நான் வரல. புராஜெக்ட் டெட்லைன்னு வீட்டுல சொன்னேன். நிஜத்துல, அவங்கம்மா முகத்தைப் பாக்க பயம். எங்கும் நிறைந்தவர்னு ஸ்லைடு போட்டவனால நாலு வீடு தள்ளிப் போக முடியல.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பெரியப்பா பின்னாடியே போனேன். அவர் வழக்கம்போல திண்ணையில உக்காந்தார். நானும் உக்காந்தேன். என்ன பேசறதுன்னு தெரியல. ரொம்ப நேரம் கழிச்சு அந்தம்மாதான் வாயைத் தொறந்தாங்க.

"சாப்டியாப்பா?"