பத்து மில்லிகிராம்

ஜூலை 9
இட்லி சாப்பிட்ட கையோடு முதல் மாத்திரையைப் போட்டாள். ஃப்ளூவாக்ஸெடின், 10 மி.கி. ராத்திரி போட்டால் தூக்கம் கெடுமாம். பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூட வாசல் வரை போய் மூச்சு முட்டித் திரும்பி வருகிற பிள்ளை.

ஜூலை 10
அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "வயசுப் பிள்ளைக்குப் பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையா?" இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 13
ராத்திரி முழுக்கப் படித்தேன். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது: பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம். விடிந்ததும் டாக்டருக்குப் போன். அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு, மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கு அந்த எண்ணமோ முயற்சியோ வந்தது. யாரும் சாகவில்லை என்றார். "விட்டா மனச்சோர்வே அங்கதான் கொண்டுபோகும்மா. முதல் சில வாரம் கவனமா பாருங்க. நீங்களா நிறுத்திடாதீங்க."

நூற்றுக்கு 4. எனக்கு இருப்பது ஒன்று.

வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் பீரோவில் பூட்டி, சாவியைத் தாலி ஊக்கில் கோத்துக்கொண்டேன்.

ஜூலை 17
வயிற்றைப் புரட்டுகிறது என்கிறாள்.

ஜூலை 24
பாத்ரூம் போனால்கூட வெளியே நிற்கிறேன். இன்று கதவைத் திறந்தவள், "நீ பாக்குறப்பல்லாம் எனக்கு என்னமோ ஆகப் போகுதுன்னே தோணுதும்மா. கேக்கணும்னா கேளு" என்றாள்.

கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "செத்துப் போகலாம்னு தோணுதா?"

"இப்ப இல்ல. மே மாசம் தோணுச்சு."

மே மாதம். திருச்செந்தூர் போயிருந்தோம். கடலில் சுடிதாரை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற போட்டோ ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. மாத்திரை என்ற பேச்சே அப்போது இல்லை.

ஜூலை 25
இவரிடம் சொன்னேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6
டாக்டர் 20 மி.கி. ஆக்கினார். கவுன்சலிங்கை விடக்கூடாது என்றார். 2004-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வாரத்தில் மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்ற பதின்வயதினரில் நூற்றுக்கு 71 பேர் தேறினார்களாம். மருந்து மட்டும் என்றால் 61.

"மீதி 29 பேர்?" இவர்தான் கேட்டார். இதுவரை அங்கே வாயே திறக்காதவர்.

"விட மாட்டோம் சார். வேற மருந்து இருக்கு."

ஆகஸ்ட் 10
சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினாள். மருந்து எரிச்சலோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பில்லைதான்.

ஆகஸ்ட் 12
பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் கூப்பிட்டுவிட்டார்கள். கை நடுங்குகிறது, இரண்டு ராத்திரியாகத் தூக்கமும் இல்லையாம். டாக்டர் நாளைக் காலையே வரச் சொன்னார். கூட்டின அளவுதான் காரணமா என்று கேட்க வேண்டும். இவர் லீவு சொல்லியிருக்கிறார்.